ஆறு வருடப் படகு வாழ்க்கையை முடிப்பது எப்படி? (படகு இங்கிலாந்தில், நான் மயிலாப்பூரில்)

கொக்கு57 | 26 ஜனவரி 2025, இரவு 10:40

வெளிநாட்டு வீட்டை விற்பது, சாமான்களைக் கப்பலில் போடுவது, பிள்ளைகளுக்கு இங்கே பள்ளி தேடுவது என்று, ஊர் திரும்புகிறவர்களுக்கான இந்த மன்றப் பகுதியில் எல்லாவற்றையும் யாராவது கேட்டிருக்கிறார்கள். படகை என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் கணவரும் 2018 மே மாதத்திலிருந்து இங்கிலாந்துக் கால்வாய்களில் ஒரு நேரோபோட்டில் குடியிருந்தோம். விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்தது இல்லை, வீடே அதுதான். 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம், முழுக்க இரும்பு. பழைய மயிலாப்பூர் வீட்டின் ரேழி மட்டும் கழன்று தண்ணீரில் போனால் எப்படியிருக்கும், அப்படி. 57 அடிக்கு மேல் நீளமாக வாங்கியிருந்தால் வடக்கே சில கால்வாய்களுக்குள் நுழைய முடியாது. எல்லா ஊரும் போக வேண்டும் என்றே அளவு பார்த்து வாங்கினோம்.

பெயர் 'கொக்கு'. எங்கே கட்டினாலும் கரையில் சாம்பல் நிறக் கொக்கு ஒன்று நிற்கும், அதனால். தண்ணீரில் இருக்கும்போது படகுக்குப் பெயர் மாற்றக்கூடாது, கரையேற்றியபோதுதான் மாற்ற வேண்டும் என்று அங்கே ஒரு சாஸ்திரம் உண்டு. அடியில் கறுப்புப் பூசக் கரையேற்றும்வரை காத்திருந்து எழுதினோம். ராகுகாலம் பார்க்கிற குடும்பம், இதை மட்டும் விடுவோமா? பக்கத்துப் படகுக்காரர்கள் கடைசிவரை 'குக்கூ' என்றுதான் கூப்பிட்டார்கள்.

எங்களுக்கென்று நிரந்தரமாகக் கட்டுமிடம் கிடையாது. அப்படி இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே 1995-இல் வந்த சட்டம். அவருக்கு மென்பொருள் வேலை, நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவேன். இருவருக்கும் போன் சிக்னல் வந்தால் போதும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். காலையில் கிளம்பி மத்தியானம்வரை ஓட்டினால் மாம்பலத்திலிருந்து தாம்பரம் போன தூரம் ஆகியிருக்கும், அதுவும் நடுவில் லாக் இல்லாவிட்டால். லாக் என்பது கால்வாய் மேடேறுகிற இடத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இரண்டு பக்கமும் கதவு. உள்ளே படகை விட்டு, கதவைச் சாத்தி, மதகைச் சுற்றித் திறந்தால் தண்ணீர் ஏறும், படகும் ஏறும். டிவைசஸ் என்ற ஊரில் கேன் ஹில் என்று ஒரு மேடு. இரண்டு மைலில் 29 லாக், 237 அடி ஏற்றம். காலையில் தொடங்கி இருட்டும்போது முடித்தோம். அன்று ராத்திரி தோசைத் திருப்பியைப் பிடிக்கக் கை வரவில்லை.

வேல்ஸில் பான்ட்கசில்ட்டி என்று ஒரு தொட்டிப்பாலம். 1805-இல் கட்டியது, பள்ளத்தாக்குக்கு மேலே 126 அடி உயரத்தில் இரும்புத் தொட்டியில் கால்வாய் போகிறது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் இருக்கின்றன. மறுபக்கம் படகின் விளிம்பு, அதற்கப்புறம் ஆகாயம். முருகா முருகா என்று அந்தப் பக்கம் பார்க்காமலே வந்துசேர்ந்தேன். அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வீடியோ எடுத்தார்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் பெருமைதான்.) எதை விடப் பார்க்கிறேன் என்று தெரிந்தால்தானே நீங்கள் பதில் சொல்ல முடியும்.

இட்லி மாவு டிசம்பரில்கூடப் பொங்கியது. எஞ்சின் ஓடும்போது சூடாகிற வெந்நீர்த் தொட்டி ஒன்று அலமாரிக்குள் இருக்கும், அதன் தலையில் மாவுப் பாத்திரத்தை வைப்பேன். மிக்ஸி போடுவதும் எஞ்சின் ஓடும்போது மட்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி என்றால் அன்று ஊர் மாறுகிறோம் என்று அர்த்தம்.

தண்ணீர்த் தொட்டி நிரப்பினால் பத்து நாள் வரும். 2019 ஜூனில் இங்கே ஏரியெல்லாம் வற்றி நீங்கள் லாரிக்குக் காத்திருந்தீர்களே, அந்த மாதம் அம்மாவும் நானும் போனில் பேசியதெல்லாம் தண்ணீர்க் கணக்குத்தான். அவள் எத்தனை குடம் என்பாள், நான் தொட்டியில் எத்தனை அங்குலம் என்பேன். அதுவரை "லண்டன் போய் ஏண்டி ஓடத்துல இருக்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அந்த மாதத்தோடு நிறுத்தினாள். (நாங்கள் இருந்தது லண்டனும் இல்லை. அதை விளக்கிப் பிரயோஜனமில்லை.)

கழிப்பறை, ஒரு பெட்டி. நிறைந்ததும் இழுத்து எடுத்துக்கொண்டுபோய் அதற்கென்று இருக்கிற இடத்தில் நாமே கொட்டிக் கழுவி வர வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசவே இல்லை. படகைப் பற்றி உறவுக்காரர்கள் எல்லோரிடமும் அளந்தாள், அந்த ஒன்றைத் தவிர.

இப்போது விஷயம். போன ஜூலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி வந்தேன். அறுவை சிகிச்சை, பிசியோ, வாக்கர். இப்போது வீட்டுக்குள் நடக்கிறாள். 78 வயது, நான் ஒரே பெண். இனிமேல் தனியாக விட முடியாது, விடவும் போவதில்லை. அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம் படகில். அவர் அக்டோபரில் வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். படகு நடு இங்கிலாந்தில் பிரான்ஸ்டன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மரினாவில், அதாவது படகுகளைக் கட்டிவைக்கிற துறையில், நிற்கிறது. ("படகு மரினாவில் இருக்கு" என்றேன். "எங்கே, கண்ணகி சிலைகிட்டயா?" என்றாள் சித்தி.) அவர் சொல்வது: "விற்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். வருஷத்துக்கு மூணு மாசம் போய் இருப்போம்." கட்டுவதற்கு வாடகை, உரிமம், காப்பீடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு பவுண்டு ஆகிறது. நம் கணக்கில் ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மூன்று மாதம் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார். 'பார்க்கலாம்' என்று சொல்லியே ஒரு படகு துருப்பிடித்துவிடும்.

எனக்கும் விற்க மனம் முழுசாக வரவில்லை, அதுதான் உண்மை. இங்கே வந்து 175 நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உடம்பு தானாகக் கிளம்பப் பார்க்கிறது. போன முறை அந்த நாள் வந்தபோது காரணமே இல்லாமல் பீரோவை இடம் மாற்றிப் போட்டேன். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினால், படகின் அடியில் தண்ணீர் சேர்ந்து பம்ப் ஓடுகிறதோ என்று தூக்கத்தில் எழுந்து உட்காருகிறேன். எங்கள் தெரு முனையில் பக்கிங்ஹாம் கால்வாய், அதன் மேலே பறக்கும் ரயில். நாற்றத்துக்குத் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு எல்லோரும் கடந்து போகிற இடத்தில் நான் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மா நேற்று, "என்னாம்மா, எதுனா வுழுந்துருச்சா?" என்று கேட்டார்.

ஆக, கேள்விகள். இங்கிருந்துகொண்டே படகை விற்ற யாராவது உண்டா? விற்ற பணத்துக்கு வரி எப்படி? வைத்துக்கொள்வது வெறும் பிடிவாதமா? இதில் எதற்குப் பதில் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

பழையமோட்டார் | 27 ஜனவரி 2025, காலை 7:15

நான் கோவென்ட்ரியில் 11 வருடம். அதில் கடைசி மூன்று வருடம் 45 அடி படகு. 2021-இல் விற்றுவிட்டுப் போரூர் வந்தேன். அந்தச் சமயம் கொரோனாவால் ஆளாளுக்குப் படகு தேடினார்கள், நல்ல விலை போனது. இப்போது அந்தச் சூடு இல்லை. வாங்கிய விலைக்குக் கொஞ்சம் கீழே வந்தாலும் சண்டை போடாதீர்கள்.

முதலில் ஒன்று. உங்கள் வீட்டுக்காரர் படகிலேயே இருக்கிறாரா, இல்லை வெளியே தங்கி வேலை செய்கிறாரா? பூட்டிய படகு என்றால் இந்தக் குளிருக்குள் குழாய்களில் உள்ள தண்ணீரையெல்லாம் வடித்துவிடச் சொல்லுங்கள். உறைந்தால் இணைப்புகள் வெடிக்கும், பனி உருகும்போதுதான் தெரியும். எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரில், அது உறையாமலிருக்கக் கலக்கிற ஆன்டிஃபிரீஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மரினா கரண்டில் செருகியே வைத்திருந்தால் கால்வானிக் ஐசொலேட்டர் (மின்தரைக் கம்பி வழியாக வரும் அரிப்பைத் தடுக்கிற கருவி) இருக்கிறதா? அது இல்லாமல் பல படகுகளோடு ஒரே மின்தரையில் கிடந்தால், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அடியில் மாட்டியிருக்கிற மெக்னீசியக் கட்டிகள் சீக்கிரம் கரைந்து, அப்புறம் இரும்பையே தின்ன ஆரம்பிக்கும். எனக்குப் பக்கத்தில் ஓர் அழகான படகு இப்படித்தான் போனது. மேலே ரோஜாப்பூ ஓவியம் பளபளவென்று இருந்தது, அடித்தகடு பணியாரக் கல் மாதிரி குழிகுழியாக ஆகிவிட்டது.

விற்பதென்றால் ஏப்ரல், மே. வெயில் அடிக்கும்போது வருகிறவன் வாழ்க்கையை வாங்குவான். ஜனவரியில் வருகிறவன் ஈரத்தையும் நிலக்கரி மூட்டையையும் பார்த்துவிட்டு ஓடிவிடுவான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற பாதுகாப்புச் சான்றிதழ் எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடியப்போகிறதென்றால் புதுப்பித்துவிட்டு விற்பது நல்லது. கேஸ், டீசல், மின்சாரம் எல்லாம் அதில் பார்ப்பார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்க வேண்டும், 2019-இலிருந்து. அடித்தகட்டின் கனத்தை அளக்கிற சர்வே வாங்குகிறவர் செலவு, அதை நீங்கள் எடுத்து வைக்காதீர்கள்.

அங்கே காருக்கு இருப்பதுபோல் உள்நாட்டுப் படகுக்கு உரிமைப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. நீங்கள் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட விற்பனைப் பத்திரம்தான் உங்கள் பட்டா. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள். கால்வாய் உரிமம் புது ஆளுக்கு மாறாது, அவர் தனியாக எடுக்க வேண்டும். தரகரிடம் விட்டால் கமிஷன் போகும், ஆனால் சென்னையிலிருந்துகொண்டு நேரில் காட்ட முடியாது அல்லவா, கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: உங்களுக்கு அங்கே நிரந்தரக் குடியிருப்பு அனுமதி மட்டும்தானா, குடியுரிமையா? அனுமதி மட்டும் என்றால், தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது போய்விடும். 2026 ஆகஸ்ட் உங்களுக்குக் கெடு. வைத்திருக்கிற படகில் ஏறவே விசா கேட்கிற நிலைமை வரும்.

கிண்டிப்பையன் | 27 ஜனவரி 2025, காலை 9:02

அக்கா, படகை இங்கேயே கொண்டுவந்துடுங்க. ஓஎம்ஆர் டிராஃபிக்கில் மணிக்கு 4 மைல் என்பது நல்ல வேகம். கால்வாயில் விட்டால் சிறுசேரிக்கு எங்களுக்கு முன்னால் போய்விடுவீர்கள்.

நிதிக்கணக்கு | 27 ஜனவரி 2025, மாலை 6:30

வரிக்கு மட்டும் பதில். நீங்கள் இந்தியக் குடியுரிமையோடு பல வருடம் வெளியே இருந்து திரும்பியவர் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த நிதியாண்டில் நீங்கள் 182 நாளைத் தாண்டிவிடுவீர்கள், ஆகவே வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர். ஆனால் முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வரிச் சட்டப்படி இங்கே வசிக்காதவராக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு வருடத்தில் இங்கே மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்திருந்தாலோ, 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லர்' என்ற நடுநிலையில் கொஞ்ச காலம் இருப்பீர்கள். அதுவரை வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே பெறுகிற வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலையும் அந்தக் காலத்தில் நிரப்ப வேண்டாம். முழு வசிப்பவர் ஆனபின் நிரப்ப வேண்டும், விட்டுவிட்டால் அபராதம் பெரிது.

வாங்கியதைவிடக் குறைத்து விற்றால் லாபம் என்ற பேச்சே வராது. வருகிற பணத்தை, திரும்பி வந்தவர்களுக்கென்று வங்கிகளில் இருக்கிற ஆர்எஃப்சி கணக்கில் பவுண்டாகவே வைக்கலாம். வாங்கிய பத்திரம், விற்ற பத்திரம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கணவர் இன்னும் அங்கே வேலையில் இருப்பதால் அவர் நிலை வேறு. படகு யார் பெயரில் என்று சொல்லவில்லையே? ஓர் ஆடிட்டரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

வாய்க்கால்தாத்தா | 29 ஜனவரி 2025, காலை 5:48

அம்மா, நான் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவான்மியூர். உங்கள் கேள்வி எதற்கும் என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். கால்வாயைப் பார்த்து நிற்கிற ஒரு ஆளைப் பற்றிப் படித்து ரொம்ப நாளாயிற்று.

நீங்கள் நிற்கிற அந்தத் தண்ணீரில் என் அப்பா படகில் வந்திருக்கிறார். கோவளம் எங்கள் ஊர். சவுக்குக் கட்டை ஏற்றிய படகில் ஏறிக்கொண்டால் ராத்திரி முழுக்கப் பயணம், விடியும்போது பட்டணம். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்களாம், அதுவும் ஆகாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்களாம். பேசின் பிரிட்ஜ் என்கிறோமே, அந்த 'பேசின்' படகுகள் நிற்பதற்கு இருந்த குட்டைதான். நீங்கள் சொன்ன லாக்கும் நம்மிடம் இருந்தது. இங்கே மலையேறுவதற்கு இல்லை. கால்வாய் ஆறுகளைக் கடக்கிற இடங்களில் கடல் ஏற்ற இறக்கத்தால் மட்டம் மாறும், அதைச் சமாளிக்க.

1806-இல் கொக்ரேன் என்ற வியாபாரி எண்ணூர்ப் பக்கம் வெட்ட ஆரம்பித்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு, அதாவது உங்கள் தெரு முனை, 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்த ஜனங்கள் வெட்டியது. அப்போது கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு, பெயர் அவருக்குப் போயிற்று. 1965, 66 புயல்களில் கரை உடைந்து மணல் மூடியபின் படகுப் போக்குவரத்து எழுந்திருக்கவே இல்லை. பிறகு பறக்கும் ரயிலுக்குத் தூண் நடக் காலி இடம் எது என்று பார்த்தார்கள், கால்வாய்தான் கிடைத்தது. 2008-இல் தேசிய நீர்வழி 4 என்று சட்டமும் போட்டாயிற்று. தூணுக்கு நடுவே நீர்வழி!

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தீர்களே, என்ன விடை வந்தது? கடல் ஏற்றம், கழிவுநீர் இரண்டும் சேர்ந்து நேரத்துக்கு நேரம் மாறும்.

கப்பல்காரர்வீட்டம்மா | 30 ஜனவரி 2025, இரவு 9:20

பெசன்ட் நகர். என் வீட்டுக்காரர் 31 வருடம் கப்பலில், கடைசியில் சீஃப் எஞ்சினியர். ஓய்வு பெற்று வந்த பிறகு இரண்டு வருடம் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து வீட்டைச் சுற்றி வருவார். மோட்டார் ரூமில் போய் நிற்பார். டாக்டரிடம் போனோம், ஒன்றும் இல்லை என்றார்கள். எங்கள் அடுக்ககத்துக்கு ஜெனரேட்டர் வாங்கினபோதுதான் மனிதர் தெளிந்தார், இப்போதும் அதற்கு ஆயில் மாற்றுவது அவர்தான், செக்ரட்டரி தொடக்கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது. அவர் 'விற்க வேண்டாம்' என்று சொல்லவில்லை, 'நான் இல்லாதபோது, யாரோ ஒரு தரகர் சாவியை வாங்கிக்கொண்டு போகிற மாதிரி விற்க வேண்டாம்' என்கிறாரோ என்னவோ. அவரையே ஓட்டிக்கொண்டுபோய் விற்கிற இடத்தில் விடச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள். எங்கள் அவர் கடைசிக் கப்பலிலிருந்து நடுவழியில், நெஞ்சுவலி என்று இறக்கப்பட்டார். சரியாக இறங்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வலி ஒன்றுமில்லை, வாயுதான்.

நீங்கள் போய்வருகிற நாட்களுக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் தனி மடலில் கேளுங்கள், என் மாமியாரைப் பார்த்துக்கொண்டவர் நம்பிக்கையானவர்.

கொக்கு57 | 13 பிப்ரவரி 2025, இரவு 11:05

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. சரியாகப் பதினாலு நாள் கழித்துத்தான் எழுத வந்திருக்கிறேன் என்பதை இப்போது தேதியைப் பார்த்ததும் கவனித்தேன்.

@பழையமோட்டார், பத்திரம் கிடைத்தது, சாம்பார்ப் பொடி டப்பாவுக்குப் பின்னால் உள்ள கோப்பில். அவர் படகிலேயே இருக்கிறார், அடுப்பு எரிகிறது, ஆகவே குழாய்க்குப் பயமில்லை. ஐசொலேட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வேறு பேச்சு பேசினார். மறுநாள் வாங்கி மாட்டிவிட்டதாகப் படம் வந்தது. குடியுரிமை எடுக்கவில்லை, அனுமதி மட்டும்தான். அந்த 2026 ஆகஸ்ட் என் தலையிலேயே இல்லை. பாதுகாப்புச் சான்றிதழ் அடுத்த ஜூன்வரை இருக்கிறது.

@நிதிக்கணக்கு, படகு இருவர் பெயரிலும். ஆடிட்டரைப் பார்த்தேன். 'படகு' என்றதும் அவர் கண்ணில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் வந்து போனது தெரிந்தது. அகலம் 6 அடி 10 அங்குலம் என்று சொன்னபிறகு இறங்கி வந்தார்.

@வாய்க்கால்தாத்தா ஐயா, காலையில் வடக்கே, சாயங்காலம் எங்கேயும் ஓடவில்லை. இதுதான் என் ஆராய்ச்சி. புயல் என்று எழுதினீர்களே, அங்கேயும் கிட்டத்தட்ட அதே வருடங்கள்தான். 1962-63 குளிரில் கால்வாயெல்லாம் வாரக்கணக்கில் உறைந்து கிடந்து, நிலக்கரி ஏற்றிவந்த படகுகள் அங்கங்கே சிக்கிக்கொண்டன. அதோடு சரக்குப் போக்குவரத்து ஓய்ந்தது என்று பிரான்ஸ்டனில் வயதானவர்கள் சொல்வார்கள். லாரியும் ரயிலும் ஏற்கெனவே கழுத்தைப் பிடித்திருந்தன, கடைசிக் கல்லை வானிலை போட்டது, இங்கேயும் அங்கேயும். அவர்கள் அப்புறம் விடுமுறைப் படகு விட்டுக் காப்பாற்றிக்கொண்டார்கள், நாம் தூண் நட்டோம். உங்கள் அப்பா இறங்கிய இடம் எது என்று நினைவிருந்தால் சொல்லுங்கள், ஒருநாள் போய்ப் பார்க்கலாம். நான் வண்டி ஓட்டுகிறேன்.

@கப்பல்காரர்வீட்டம்மா, நீங்கள் சொன்னதை அப்படியே அவரிடம் வாசித்துக் காட்டினேன். வாயு வரைக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஹாட்டன் ஏறணும்னா ஏப்ரல் கடைசி வேண்டாம், ஈஸ்டர் கூட்டம் இருக்கும்" என்றார். அதாவது ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம், 14 வருடம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியும். விற்கிற இடம் ஹாட்டன் மேட்டுக்கு அந்தப் பக்கம். பிரான்ஸ்டனிலிருந்து கல்கட், ஸ்டாக்டன், பாஸ்கோட் என்று லாக் லாக்காக இறங்கி, வாரிக் ஊர் தாண்டி, கடைசியில் ஹாட்டனில் 21 லாக் ஏற வேண்டும். மெதுவாகப் போனால் ஐந்து நாள். ஏப்ரல் முதல் வாரம் போகிறேன். சித்தி இரண்டு வாரம் இங்கே வந்து இருப்பாள், கூட நீங்கள் சொன்ன ஆளும். அம்மாவிடம் சொன்னேன். "படகை வித்துட்டா அந்த டப்பாவும் அதோட போயிடுமோல்லியோ?" என்று கேட்டாள். கழிப்பறைப் பெட்டியை.

விண்ட்லஸை மட்டும் கொடுக்க மாட்டேன். மதகு சுற்றுகிற இரும்புச் சாவி அது, 'எல்' வடிவில் இருக்கும். ஆகஸ்டில் ஏதோ அவசரத்தில் என் பெட்டிக்குள் வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, "என்ன மேடம் இது?" என்றார்கள். "தண்ணி திறக்கிற சாவி." "எந்த டிபார்ட்மென்ட்?" மெட்ரோ வாட்டர் என்று சொல்லியிருந்தால் சலாம் போட்டு விட்டிருப்பார்கள் போல. இப்போது அம்மா அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

தைப்பூசம் வந்ததால் செவ்வாய்க்கிழமை கபாலி கோயில் தெப்பத்துக்குப் போயிருந்தேன். பல வருடம் கழித்து. விளக்கெல்லாம் போட்டுத் தெப்பம் குளத்தைச் சுற்றி வருகிறது, படிக்கட்டிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். ஜனம் சாமியைப் பார்த்தது, நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் வடத்தின் முனையை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். அந்தக் கனம் ஒரு திசையில் கிளம்பிவிட்டால் விரல் நம்முடையது இல்லை. "தம்பி, கையில சுத்தாதப்பா! சும்மா பிடி!" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தான், சுற்றைப் பிரித்தான். பக்கத்தில் நின்ற மாமி, "நீங்க கோயில்ல வேலை பாக்கறேளா?" என்று கேட்டார்.